டிபன் மூடிக்கு அடியில் போன பங்காளிகள்

ரேணுகா தன் டிபன் டப்பாவின் மூடியைத் துடைத்தாள். துடைத்த மூடியை என் ஆராய்ச்சிப் படத்தின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

"இப்பச் சொல்லு. எங்க போச்சு உன் கோடு?" என்றாள்.

சரவணம்பட்டிப் பக்கம் நான் இன்றைக்கும் வேலை பார்க்கும் அதே கல்லூரிதான், அதே கேண்டீன்தான். இது நடந்து பத்துப் பதினைந்து வருடம் இருக்கும். மூடியில் எலுமிச்சைச் சாதத்தின் வாசம் இருந்தது. எடுத்தபோது படத்தில் மஞ்சளாக ஒரு எண்ணெய் வளையம் விழுந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மூடியை ஜன்னலுக்கு வெளியே வீசியிருப்பேன். வீசாததற்குக் காரணம், கோட்டை நானும் தேடிக்கொண்டிருந்தேன்.

நான் தாவரவியல் டீச்சர். ரேணுகா புள்ளியியல். வயதில் ஜோடி, அதிகாரத்தில் அவள் எனக்கு மாமியார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், திட்டுவது மட்டும் சுத்தமான கோயமுத்தூர்த் தமிழில். வேலையில் இருந்துகொண்டே பிஎச்.டி. செய்துகொண்டிருந்த நான், நாலைந்து வருடப் பாடுபட்டு ஒரு முடிவுக்கு வந்து, அதை முதலில் அவளிடம்தான் காட்டினேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இலை எண்ணுகிற டீச்சர்

போன வாரம் கொறங்காட்டைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக ஒரு வரி: தாராபுரம், காங்கயம் பக்கம் கிளுவை வேலி கட்டி, உழாமல் கொள்ளாமல், மாடு ஆடு மேய்வதற்கென்றே விட்டு வைத்திருக்கும் நிலம் அது. உள்ளே கொழுக்கட்டைப் புல் இருக்கும், அங்கங்கே வெள்வேல மரம் நிற்கும். தாராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாவுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. என் ஆராய்ச்சி முழுக்க அங்கேயும் அக்கம்பக்கத்துக் காடுகளிலும்தான்.

வேலை என்ன? இலை எண்ணுவது. நம்ப மாட்டீர்கள், அதேதான். ஒவ்வொரு மரத்திலும் செடியிலும் சில கிளைகளுக்குக் கலர் நூல் கட்டி வைத்து, தை மாதத்திலிருந்து ஆடி வரைக்கும் போய்ப் போய் எத்தனை இலை நிற்கிறது, எத்தனை உதிர்ந்தது என்று பார்ப்பேன். பங்குனி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இலை எண்ணுகிற ஒரு பொம்பளையைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நான் கட்டிய நூலை ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, பக்கத்தில் மஞ்சள் துணி முடிந்து வைத்துவிட்டுப் போன புண்ணியவதிகளும் உண்டு.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி நல்ல கேள்வி. கோடையில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது, எந்தச் செடி பச்சை இலையோடு நிற்கிறதோ அதன் மேல்தான் ஆடு பின்னங்காலை ஊன்றி ஏறும். அப்படியானால் கோடையில் இலையை வைத்துக்கொண்டு நிற்க ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் முள்தான் என்பது என் கட்சி. முள் இருக்கிறவன் இலையை வைத்துக்கொள்வான், இல்லாதவன் உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்பான்.

கணக்குப் போட்டுப் படம் வரைந்தால், அடடா, நான் சொன்ன மாதிரியே வந்தது. முள் உள்ளவை எல்லாம் மேலே, முள் இல்லாதவை கீழே. நடுவில் ஒரு கோடு, ரூல் தடி வைத்துப் போட்ட மாதிரி. அன்றைக்கு இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மத்தியானம்தான் மூடி.

ஒரே பானைச் சோறு

ரேணுகா மூடியை வைத்தது சும்மா ஓர் இடத்தில் இல்லை. மேலே கூட்டமாக நின்ற புள்ளிகள் எல்லாம் என்னென்ன என்று முதலில் கேட்டுக்கொண்டாள். வெள்வேல், கருவேல், குடைவேல், உடை என்று நான் வரிசையாகச் சொன்னேன். இவையெல்லாம் சொந்தமா என்று கேட்டாள். எல்லாம் ஒரே வேல வம்சம் என்றேன். உடனே மூடியைக் கவிழ்த்துவிட்டாள். மீதி இருந்த புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, சந்தை கலைந்த மாதிரி கிடந்தன. கோடு போட வழியே இல்லை.

"இத்தனையும் ஒரே ஊட்டு ஆளுக சுமதி. நீ பத்துப் பேர எண்ணல. ஒரு பாட்டனப் பத்து வாட்டி எண்ணியிருக்கற."

எனக்கு உடனே விளங்கவில்லை என்று சொன்னால் பொய். விளங்கியது, ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. நான் வாதாடினேன். அவள் பொறுமையாக ஒரு உதாரணம் சொன்னாள். எங்கள் குலக் கூட்டத்தில் எல்லாருக்கும் மூக்கு நீளம், எல்லாரும் சத்தமாகப் பேசுவோம், இது ஊரறிந்த விஷயம். அதற்காக மூக்கு நீளமாக இருந்தால் குரல் பெரிதாக இருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட முடியுமா? மூக்கும் குரலும் ஒரே பாட்டனிடமிருந்து சேர்ந்து வந்தவை. அவ்வளவுதான்.

வேல மரத்துக்கும் அதே கதைதான். அந்த வம்சத்தின் மூதாதை ஒன்றுக்கு எப்போதோ முள் வந்திருக்கும். அதற்குக் கோடையைத் தாங்கும் குணமும் இருந்திருக்கும். பிள்ளைகள், பேரன்கள் எல்லாம் இரண்டையும் சீதனமாக வாங்கிக்கொண்டன. முள்ளால்தான் பச்சை என்பதற்கு அது ஒரு சாட்சி, பத்து சாட்சி ஆகாது.

செடிகொடிகளுக்கும் வம்சாவளி உண்டு. இப்போதெல்லாம் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, யாருக்கு யார் எவ்வளவு நெருக்கம், எந்தக் கிளை முதலில் பிரிந்தது என்று மரமாகவே வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்த மரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் எங்கள் துறையில் கேள்வியே கேட்க வேண்டும். ஒரு குணம் இருக்கிற இடத்துக்குத் தக்கபடி வந்ததா, பாட்டன் பூட்டன் கொடுத்துவிட்டுப் போனதா? இதைப் பிரித்துப் பார்க்காமல் எண்ணினால் எண்ணிக்கை வீண். நான் இதைப் பாடமாகவே நடத்தியவள். நடத்துவது வேறு, தன் இலைக்குச் சோறு விழும்போது ஞாபகம் வருவது வேறு.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நான் ஒரே பானையில் பத்துச் சோறு எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, பத்துப் பானையும் வெந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

மாற்று வழியையும் ரேணுகாவே சொன்னாள். முள் உள்ள செடி ஒன்று, அதற்கு ரொம்ப நெருங்கிய சொந்தத்தில் முள் இல்லாதது ஒன்று. இரண்டையும் ஜோடியாக வைத்துப் பார். அக்கா தங்கை மாதிரி. பாட்டன் ஒருவனே என்பதால் பாட்டன் கொடுத்தது இரண்டு பேருக்கும் பொது. அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது முள்ளின் வேலையாக இருக்கலாம். இப்படி எத்தனை ஜோடி கிடைக்கிறதோ அத்தனைதான் உன் சாட்சி.

எழுந்து கை கழுவப் போனேன். வெகுநேரம் கழுவினேன்.

தங்கமான குடும்பம்

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை ரேவதிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரேவதி சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருந்தாள். மற்றவர்கள் எழுதும் சாப்ட்வேரில் ஓட்டை கண்டுபிடிப்பது அவள் வேலை. பிறவியிலேயே அவளுக்கு அந்தக் குணம் உண்டு, அதற்குச் சம்பளமும் கிடைத்தது. என் வீட்டில்தான் தங்கியிருந்தாள்.

அன்னூர்ப் பக்கத்தில் ஒரு இடம் வந்தது. பையனுக்கு விசைத்தறி, வாழைத்தோட்டம். கல்யாணம் ஆனால் அங்கேதான் இருக்க வேண்டும். பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. வாயால் சொல்லவில்லை. போட்டோவைப் பார்க்கிற பார்வையிலேயே தெரிந்தது. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். வேலையை விட மாட்டாள். அந்த வீட்டில் மருமகள் வேலைக்குப் போக விடுவார்களா என்று நிஜமாகத் தெரிந்துகொண்டு வந்து சொல்லுங்கள், விட மாட்டார்கள் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். சொன்னது சாதாரணமாகத்தான். அன்றைக்கு ராத்திரி படுக்கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

வைகாசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கள் பக்கம் வரன் விசாரிப்பது என்பது சாதாரண வேலை இல்லை. டீக்கடை, பஞ்சாயத்து ஆபீஸ், பால் சொசைட்டி என்று ஒரு சுற்று வர வேண்டும். யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். வாழைக்காய் விலையில் ஆரம்பித்து, மழைக்கு வந்து, கடைசியில் "அந்த ஊடு எப்படிங்க?" என்று வரும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிற ஊர். பதிலில் எவ்வளவு உண்மை என்பதை முகத்தைப் பார்த்துத்தான் எடை போட வேண்டும்.

சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஆறு பேருகிட்ட கேட்டுப்போட்டேன் கண்ணு. ஆறு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க. தங்கமான குடும்பம். புள்ளைக இஷ்டத்துக்குக் குறுக்க நிக்க மாட்டாங்களாம்."

என் வீட்டுக்கு வந்திருந்த அம்மா உதட்டைப் பிதுக்கினார். அவர் ஏற்கெனவே ஒரு கல்யாண வீட்டில் அந்தக் குடும்பத்தைக் கண்ணால் பார்த்திருந்தார். அவர்களுடையது ஒரு வளவு, அதாவது பங்காளிகள் எல்லாம் ஒரே சுற்றுக்குள் வீடு கட்டிக்கொண்டு இருப்பது. அந்த வளவுக்குள் ஏற்கெனவே நாலு மருமகள்கள். நாலு பேரும் படித்தவர்கள், ஒருத்தியும் வேலைக்குப் போகவில்லை. ஊர் ஆயிரம் சொல்லட்டும், நாலு பேர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்களே, அதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார் அம்மா.

ஆறுக்கு நாலு. ரேவதி என்னைப் பார்த்தாள். நான் என்னவோ நீதிபதி மாதிரி.

காலண்டர் தாளில் ஒரு மரம்

எனக்குச் சட்டென்று எலுமிச்சைச் சாத வாசம் வந்தது. உண்மையாகவே வந்தது.

அப்பாவிடம் அந்த ஆறு பேரும் யார் யார் என்று கேட்டேன். பெயர் சொன்னார். என்ன கூட்டம் என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்து, மூன்றாவது ஆளிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது. ஆறு பேரும் மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம்தான். ஆறு பேரும் பங்காளிகள்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுக்க மாட்டோம், எடுக்க மாட்டோம். ஒரே கூட்டம் என்றால் எல்லாரும் ஒரு பாட்டன் பிள்ளைகள், அண்ணன் தம்பி முறை. வேறு கூட்டம் என்றால்தான் மாமன் மச்சான் முறை வரும். யாரைப் பார்த்தாலும் எந்த ஊர், என்ன கூட்டம் என்று முதல் கேள்வியிலேயே கேட்டுவிடுகிற மனுஷர் எங்கள் அப்பா. ஜாதகத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே கூட்டத்தைச் சரிபார்த்துவிட்டார். விசாரிக்கப் போன இடத்தில் மட்டும் அதை மறந்துவிட்டார். நான் வேல மரத்தில் செய்ததை அப்பா அன்னூர் டீக்கடையில் செய்துவிட்டு வந்திருந்தார்.

பங்காளி எப்படிக் கெடுத்துச் சொல்வான்? அந்த வீட்டுப் பெயர் கெட்டால் நாளைக்கு அவன் பெண்ணுக்கும் இடம் அமையாது. அப்படியே பங்காளிக் காய்ச்சலில் எவனாவது கெடுத்துச் சொல்லியிருந்தால் அதுவும் அதே கணக்குத்தான். ஆறு வாய், ஒரு பேச்சு.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்படியானால் உங்கம்மா சொன்னது மட்டும் சரியோ என்றார். நியாயமான கேள்வி. தினசரிக் காலண்டரில் கிழித்துப் போட்ட தாள் ஒன்றை எடுத்துத் திருப்பி, அந்த நாலு மருமகள்களையும் புள்ளியாக வைத்தேன். அவர்களுக்கு அம்மா வீடு எது என்று அம்மாவிடமே கேட்டேன். இந்த மாதிரி விஷயத்தில் எங்கள் அம்மா ஒரு நடமாடும் கெஸட்.

முதல் இரண்டு பேரும் கூடப் பிறந்த அக்கா தங்கை. ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்குக் கொடுத்தது. மூன்றாவது, அந்த இரண்டு பேருக்கும் சித்தப்பா மகள். மூன்றையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டேன். அவர்கள் பிறந்த வீட்டுப் பெண்களில் வேறு ஊருக்குக் கட்டிக்கொடுத்தவர்கள் எப்படி என்று கேட்டேன். ஒருத்தியும் வேலைக்குப் போகவில்லை என்றார் அம்மா. திருப்பூரில் கொடுத்த பெண்ணும் வீட்டில்தான், ஈரோட்டில் கொடுத்த பெண்ணும் வீட்டில்தான். அப்படியானால் அது அன்னூர் வளவு செய்த வேலை என்று எப்படிச் சொல்வது? பிறந்த வீட்டிலிருந்தே கொண்டுவந்த குணமாக இருக்கலாமே. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை.

எனக்கு முன்னால் ரேவதி பிடித்துக்கொண்டாள். ஆபீசில் ஒரே கோளாறை நாலு பேர் நாலு தடவை புகார் எழுதுவார்களாம். புகார் நாலு, கோளாறு ஒன்றுதான். அதைச் சேர்த்து ஒன்றாக்குவதுதான் தனக்குக் காலையில் முதல் வேலை என்றாள்.

மிஞ்சியது நாலாவது மருமகள். அவள் வேறு கூட்டம், வேறு ஊர். பி.எட். படித்து, கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். இப்போது வீட்டில். அவளுக்கு ஒரு அக்கா இருக்கிறாள், போத்தனூரில் கட்டிக்கொடுத்தது. அந்த அக்கா கல்யாணத்துக்குப் பிறகும் டீச்சர்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே படிப்பு. ஒருத்தி அன்னூர் போனாள், வேலை நின்றது. ஒருத்தி போத்தனூர் போனாள், வேலை நிற்கவில்லை. ஆறும் நாலுமாகப் பத்துச் சாட்சியில் ஒன்பது போய், இந்த ஒரு ஜோடிதான் வாய் திறந்து பேசியது. அது சொன்னதோ ரேவதிக்குப் பாதகமாக இருந்தது.

அவள் முகம் வாடிப்போனது. நான் அந்தத் தாளைக் கசக்கிப் போடவில்லை. போத்தனூர் போய் அந்த அக்காவைப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன்.

போத்தனூரில் ரயில் போகும்வரை

அந்த டீச்சரின் பெயர் தமிழ்ச்செல்வி. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வண்டி போகும், ஜன்னல் கம்பி நடுங்கும், பேச்சை நிறுத்திக்கொண்டு எல்லாரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் பழகிப்போய் பாதி வார்த்தையில் நிறுத்தி, வண்டி போனதும் மீதி வார்த்தையைச் சரியாகத் தொடர்ந்தார்.

வந்த விஷயத்தை நான் சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். வாழைக்காய் விலை வரைக்கும் போயிருப்பேன். ரேவதி குறுக்கே புகுந்து நேராகக் கேட்டுவிட்டாள். உங்கள் தங்கச்சியை வேலையை விடச் சொன்னது யாருங்க என்று.

தமிழ்ச்செல்வி பதில் சொல்லத் திறந்த வாய் திறந்தபடியே இருக்க, ஒரு சரக்கு வண்டி வந்தது. அதற்கு என்ன அத்தனை பெட்டியோ தெரியவில்லை. ரேவதி சேலை முந்தியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

வண்டி போனது.

"ஆரும் சொல்லலீங்க. அவளே கண்ணாலத்துக்கு முந்தின மாசம் ராஜினாமா எழுதிக் குடுத்துப்போட்டுத்தான் போனா. அந்த வளவுல ஆரும் போறதில்லைன்னு கேள்விப்பட்டு, நம்மளையும் உட மாட்டாங்கன்னு அவளா நெனச்சுக்கிட்டா. அவங்களும் இவ வேண்டாம்னுதான் உட்டுட்டான்னு நெனச்சுக்கிட்டாங்க."

ஜன்னலைச் சாத்திவிட்டு, "கேட்டிருந்தா உட்டிருப்பாங்களோ என்னமோ. ஆரும் கேக்கவே இல்லீங்க" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் தங்கச்சிதான் தன்னைவிட நல்ல டீச்சர் என்று சொன்னார். முன்னால் போன மூன்று பேரைப் பார்த்து நாலாவது பெண்ணும் கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரேவதி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உக்கடம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஊட்ட ஆரும் இன்னும் கேட்டே பாக்கலக்கா. நாங் கேட்டுப்போடறேன்."

எட்டரை மணி பஸ்

பெண் பார்க்க வந்தார்கள். காபி டம்ளரோடு வந்த ரேவதி, தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து நின்றாள்.

"மாமா, நான் கண்ணாலத்துக்கு அப்பறமும் வேலைக்குப் போவேனுங்க. உங்களுக்குச் சரிங்களா?"

எங்கள் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் சாமிகளை எல்லாம் ஒரு சுற்று கூப்பிட்டுவிட்டேன்.

அந்த மனிதர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆற்றி முடித்து ஒரு வாய் குடித்தார். பிறகு, நம்ம ஊருக்குள்ள முதல் பஸ்ஸே எட்டரைக்குத்தான் வருது, அடிக்கடி பஸ் போகிற சத்தி ரோட்டுக்குக் கொண்டுவந்து விட்டால் உனக்குத் தோதாக இருக்குமா கண்ணு என்று கேட்டார். மகனைப் பார்த்து, வண்டியில் கொண்டுவந்து விடுவாயல்லவா என்றார். மகன் தலையை எத்தனை தடவை ஆட்டினான் என்று எண்ண முடியவில்லை. நான் எண்ணுவதில் கெட்டிக்காரி.

அவ்வளவுதான். ஆறு பேரிடம் விசாரித்து, நாலு பேரை வேவு பார்த்து, போத்தனூர் வரைக்கும் போய் வந்த விஷயம், ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

சங்கஞ்செடியும் உகாவும்

என் ஆராய்ச்சி என்ன ஆனது என்று கேட்கிறவர்களுக்காக: மறுபடி முதலிலிருந்து ஜோடி தேடினேன். ஆதண்டைக்கு முள் உண்டு, அதன் சொந்தம் மாவிலங்கத்துக்கு இல்லை. ஆதண்டை பச்சையாக நின்றது, மாவிலங்கம் மொட்டையாகிவிட்டது. களாவுக்கும் வெட்பாலைக்கும் அதே மாதிரி. நான் துள்ளிக் குதித்தேன். அடுத்து காரையைப் பார்த்தேன். அது முள்ளையும் வைத்துக்கொண்டு, இலையையும் உதிர்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தது.

சங்கஞ்செடியும் உகா மரமும் ஒரு ஜோடி. ஒன்றுக்கு முள், ஒன்றுக்கு இல்லை. இரண்டும் பச்சை. இரண்டும் பச்சை என்றால் அது பாட்டன் கொடுத்ததாகவே இருக்கலாம், இந்த மாதிரி ஜோடி ஒன்றும் சொல்லாது என்று ரேணுகா ஓரமாக ஒதுக்கச் சொன்னாள்.

கடைசியில் என் விதி நன்றாக இளைத்துப்போனது. முள் சில வம்சங்களில் உதவுகிறது, எல்லாவற்றிலும் இல்லை. வேல வம்சத்தில் என்ன நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த இளைத்த விதிக்குத்தான் பட்டம் கொடுத்தார்கள். வாய்மொழித் தேர்வு அன்றைக்கு நான் காட்டிய முதல் படத்தில் அந்த எண்ணெய் வளையம் அப்படியே இருந்தது. வேண்டுமென்றேதான் விட்டு வைத்தேன்.

ரேவதி இன்றைக்கும் அன்னூரிலிருந்து சரவணம்பட்டிக்கு வந்து போகிறாள். இப்போது அவளே கார் ஓட்டுகிறாள். அந்த வளவைப் பற்றி யார் கேட்டாலும் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் தங்கச்சியே சாட்சி, தாராளமாகப் பெண் கொடுங்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் மத்தியானம் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். பெயர் நிவேதா. கோயமுத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. ரேவதி வீட்டுக்காரரின் சித்தப்பா மகனுக்கு அவளைக் கேட்டிருக்கிறார்கள். அப்பா அம்மாவை அனுப்பாமல் தானே விசாரிக்க வந்திருந்தாள். கேட்டது அதே கேள்வி.

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். என் தங்கச்சியைப் பார், இத்தனை வருடமாகப் போய் வருகிறாள் என்றேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"அவங்க வேலைக்குப் போறாங்க, சரிங்க. நீங்க வேற ஊட்டுக்குக் கட்டிப் போனீங்க, நீங்களும் வேலைக்குப் போறீங்க. அப்ப அது அந்த ஊட்டுக் குணமுங்களா, உங்க பொறந்த ஊட்டுக் குணமுங்களா?"

நான் கையிலிருந்த டிபன் மூடியைக் கீழே வைத்தேன்.

சங்கஞ்செடியும் உகாவும். இரண்டும் பச்சை. இத்தனை வருடமாக ஊரெல்லாம் சாட்சி சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு, நாங்கள் அக்கா தங்கை ஒன்றும் சொல்லாத ஜோடி என்று தோன்றவே இல்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதிர் மேஜையில் இருந்த ரேணுகா திரும்பிப் பார்த்தாள்.

"தெரியலையே அம்மணி. எங்க ரெண்டு பேர வெச்சு அதச் சொல்ல முடியாது" என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு அக்கா இருக்குதுங்க. பல்லடத்துல குடுத்தது. கண்ணாலம் ஆனதும் வேலைய உட்டுருச்சு" என்றாள்.

அவளே கணக்கைப் போட்டு முடித்தாள்.

"நான் அங்க போயும் வேலைய உடலைன்னா அது அந்த ஊட்டுக் குணமுங்க. அப்ப நான் போனாத்தான் தெரியுமுங்க."

மூடியைத் துடைத்து, அதில் பாதித் தயிர்சாதத்தை எடுத்து வைத்து, ஒரு ஊறுகாய்த் துண்டும் வைத்து அவள் பக்கம் நகர்த்தினேன். அவளுக்கு ஆவணியில் கல்யாணம். இன்னும் ராஜினாமா எழுதவில்லையாம்.